பயத்துக்குச் சந்தா

லாப்டாப் வாங்கப் போகிறவர் விலை பேசி முடித்து, பையையும் கேட்டு வாங்கிக்கொண்டு, பில்லுக்குக் கை நீட்டும்போது கடைக்காரர் ஒரு கேள்வி கேட்பார்: "ஆன்ட்டி வைரஸ் போட்டுடலாமா சார்?" கைக்குழந்தையோடு நிற்கிற தாயிடம், "திருஷ்டிப் பொட்டு வைக்கலையாம்மா?" என்று கேட்பது போன்ற கேள்வி இது. வேண்டாம் என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

வேண்டாம் என்று சொல்லுங்கள் என்பது என் கட்சி.

கடிதம் எழுதவும், பாங்குக் கணக்குப் பார்க்கவும், பிள்ளைகள் படிக்கவும், என்னைப் போன்றவர்கள் கதை எழுதவும் வீட்டில் வைத்திருக்கிற விண்டோஸ் லாப்டாப்பைப் பற்றித்தான் பேசுகிறேன். அதற்குக் காசு கொடுத்து ஆன்ட்டி வைரஸ் வாங்குவது வீண் செலவு. வீண் செலவு மட்டும் என்றால் சும்மா இருந்திருப்பேன். நாம் செய்யாத வீண் செலவா? இது கூடவே ஒரு பொய் நிம்மதியையும் விற்கிறது. அதுதான் என் சண்டை.

எதிர்க்கட்சிக்கு உரிய நியாயத்தை முதலில் கொடுத்துவிடுகிறேன். 1986-இல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' என்ற வைரஸ் பிளாப்பித் தட்டுகளில் ஏறி உலகம் சுற்றியது. அதற்குள் தங்கள் விலாசத்தையும் டெலிபோன் நம்பரையும் எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து வைரஸுக்குக்கூட ஊர் பேர் இருந்தது! பிற்பாடு வந்தவை அத்தனை மரியாதை தெரிந்தவை அல்ல. 1999 ஏப்ரல் 26-ஆம் தேதி ஸி.ஐ.ஹெச். என்ற வைரஸ் பல கம்ப்யூட்டர்களை மறுபடி உயிர் பெறாதபடி செய்துவிட்டது. 2000-ஆம் வருஷம் மே மாதம், காதல் கடிதம் என்று வேஷம் போட்டு வந்த ஒரு மெயிலின் இணைப்பைத் திறந்தவர்களில் பலர் தம் கோப்புகளைப் பறிகொடுத்தார்கள். அந்நாளில் கம்ப்யூட்டர் காவல் இல்லாமலே விற்பனைக்கு வந்தது. பணம் கொடுத்துக் காவல் வைத்தவர்கள் விவேகிகள்.

ஆனால் 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் காவற்காரன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். டிபெண்டர் என்று பெயர். ஆரம்ப வருஷங்களில் அவன் சோப்ளாங்கிதான், மறுக்கவில்லை. இப்போது அப்படி இல்லை. இந்தச் சரக்குகளை எடை போடுவதையே தொழிலாக வைத்திருக்கும் ஏவி-டெஸ்ட் என்ற ஜெர்மானியப் பரிசோதனைக் கூடம், பல வருஷங்களாக அவனுக்கு விலைச் சரக்குகளுக்குச் சமமான மதிப்பெண் கொடுத்து வருகிறது. வேடிக்கை என்னவென்றால், நீங்கள் பணம் கொடுத்து இன்னொருவனைக் கொண்டுவந்து நிறுத்தினால், சம்பளம் வாங்காத இந்தப் பழையவன் மரியாதையாக ஒதுங்கிக்கொள்கிறான். இரண்டு காவல் என்று நீங்கள் நினைப்பீர்கள், நிற்பவன் ஒருவன்தான்.

"அப்படியானால் 2017-இல் அத்தனை ஆஸ்பத்திரிகள் ஏன் முடங்கின?" என்று ஓர் அன்பர் என்னை மடக்கினார். நல்ல கேள்வி. 'வானாகிரை' 2017 மே 12-ஆம் தேதி பரவியது. இங்கிலாந்தின் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் சிகிச்சைகள் நின்றன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் ஒட்டை மைக்ரோஸாப்ட் அதே வருஷம் மார்ச் மாதமே இலவசமாக அனுப்பிவிட்டது. இரண்டு மாதமாக அதைப் போட்டுக்கொள்ளாதவர்கள்தான் அகப்பட்டார்கள். 'அப்டேட் செய்யட்டுமா?' என்று கம்ப்யூட்டர் கேட்கும்போதெல்லாம், 'பிறகு பார்க்கலாம்' என்று அமுக்குகிறோமே, அந்த விரலுக்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது.

காவற்காரர்களின் யோக்கியதையையும் கொஞ்சம் பார்க்கலாம். 2010 ஏப்ரலில் மெக்காபி அனுப்பிய ஒரு தப்பான அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான ஒரு கோப்பையே வைரஸ் என்று நினைத்துப் பிடித்துக் கட்டியது. கம்ப்யூட்டர்கள் எழுந்து எழுந்து விழுந்தன. போகட்டும், கைத்தவறு. அவாஸ்ட் விவகாரம் அப்படியல்ல. உங்களை யாரும் வேவு பார்க்காமல் காப்பேன் என்று சொல்லி வீட்டுக்குள் வந்த அந்தக் கம்பெனி, நீங்கள் இணையத்தில் எங்கெங்கே போகிறீர்கள் என்று குறித்துவைத்து, ஜம்ப்ஷாட் என்ற தன் கிளைக் கம்பெனி வழியாக விற்றுக்கொண்டிருந்தது. 2020 ஜனவரியில் இது பத்திரிகைகளில் அம்பலமானதும் கிளையை மூடினார்கள். 2024-இல் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. எந்த வியாதியைப் பற்றி எந்த மருந்தைத் தேடினீர்கள் என்பதுகூட, உங்கள் வாசலில் நின்றவன் மூலமே சந்தைக்குப் போனது. (2024 ஜூலையில் 85 லட்சம் கம்ப்யூட்டர்களைச் சாய்த்த கிரவுட்ஸ்டிரைக்கை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அது கம்பெனிகளுக்கு விற்கும் சரக்கு. கம்பெனிகளின் தேவை வேறு.)

தொடர்கதை எழுதிப் பிழைத்தவன் நான். கதாநாயகியை இருட்டில் நிறுத்தி, பின்னால் ஒரு காலடிச் சத்தம் கேட்க வைத்து, 'தொடரும்' என்று போட்டுவிட்டால் அடுத்த வாரப் பத்திரிகை விற்றுவிடும். ஆகையால், "உங்கள் பாதுகாப்பு இன்னும் மூன்று நாட்களில் முடிகிறது" என்று சிவப்பு எழுத்தில் வருகிற அறிவிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொழில் பாசம் பொங்குகிறது! ஆனால் என் வாசகிக்கு அந்த வாரப் பயத்தோடு சரி. இவர்கள் வளர்த்துவிட்ட பயத்தையோ திருடன் அப்படியே எடுத்து உபயோகித்துக்கொள்கிறான்.

எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வருஷந்தவறாமல் சந்தா கட்டுகிறவர். ஒருநாள் அவர் படித்துக்கொண்டிருந்த பக்கத்தின் மேல் ஒரு பெரிய சிவப்புப் பலகை வந்து நின்று, சங்கு ஊதியது. 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்! உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்.' வெறும் விளம்பரப் பக்கம் அது, மூடியிருந்தால் போயிருக்கும். ஆனால் இத்தனை வருஷம் பழகிய அதே சிவப்பு, அதே மிரட்டல். பேசினார். எதிர்முனையில் ஒருவன் பணிவாகப் பேசி, தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்குகிற ஒரு மென்பொருளை அவர் கையாலேயே ஏற்றவைத்தான். பாங்குக் கணக்கைத் திறக்கவைத்தான். பிராவிடண்ட் பண்டில் மிஞ்சியிருந்த இரண்டே கால் லட்சம் போய்விட்டது. "ஆன்ட்டி வைரஸ் ஓடிக்கிட்டுத்தான் சார் இருந்தது. மூலையில பச்சையா டிக் இருந்தது" என்றார் என்னிடம். இருந்திருக்கும். அந்த மென்பொருள் வைரஸ் அல்லவே! கம்பெனிகள் தினமும் உபயோகிக்கிற யோக்கியமான சாமான் அது. வீட்டுக்காரரே கதவைத் திறந்து அழைத்துவந்தவனைக் காவற்காரன் எப்படித் தடுப்பான்? மானம் போய்விடுமென்று இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசினால் பணம் கை மாறுவதை நிறுத்திவைக்க வழி உண்டு என்று அந்தச் சிவப்புப் பலகைகளில் ஒன்றாவது அவருக்குச் சொல்லியிருக்கலாம்.

திருட்டு மென்பொருள் ஏற்றுகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். 'முதலில் ஆன்ட்டி வைரஸை அணைத்து விடு' என்பதுதான் அந்தச் சரக்கோடு வழக்கமாக வருகிற குறிப்பு, பிள்ளையும் அணைத்துவிடுவான். பழைய லாப்டாப்? விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதன் ஓட்டைகளை ஆன்ட்டி வைரஸ் அடைக்காது. வாசலில் ஆள் நிறுத்துவது வேறு, இடிந்த சுவரைக் கட்டுவது வேறு.

எப்படியும் ஏதாவது செலவழித்தே தீர வேண்டும் என்று கை அரித்தால், அந்தச் சந்தாப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். பேரன் போட்டோ, வீட்டுப் பத்திரம், எழுதுகிறவரானால் கையெழுத்துப் பிரதி, எல்லாவற்றையும் வாரத்துக்கு ஒரு தரம் அதில் நகல் எடுங்கள். எடுத்து முடித்ததும் கம்பியைப் பிடுங்கி பீரோவில் வைத்துவிட வேண்டும். செருகியபடியே விட்டால், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கிறவன் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவான்.