எல்லாம் 'மட்டன்' ஆகிப்போன கதை



அண்மையில் ஆறாம் ஆண்டு வகுப்பில் 'சுவரொட்டி' என்றால் என்ன என்று கேட்டேன். சுவரில் ஒட்டும் விளம்பரத்தாள் என்றனர். சரியான விடைதான். ஆட்டின் மண்ணீரலுக்கும் கறிக்கடையில் அதுவே பெயர் என்று சொன்னதும் வகுப்பே சிரித்தது. மறுநாள் ஒரு தந்தை தொலைபேசியில் அழைத்து, "தமிழ் சொல்லிக் கொடுக்கிற உங்களுக்குக் கறிக்கடையில என்ன வேலை, சார்?" என்று மரியாதையாகவே கேட்டார். அவருக்கான மறுமொழியே இப்பதிவு.

வேலை இருக்கிறது ஐயா! வெள்ளாடு, செம்மறி, கிடா, குட்டி, தொடைக்கறி, நெஞ்செலும்பு, ஈரல், குடல், தலைக்கறி என்று நம் பாட்டிமார் வாயில் புழங்கிய சொற்கள் இன்று பிள்ளைகளிடம் 'மட்டன்' என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிட்டன. ஆங்கிலத்தில் அச்சொல் முதன்மையாகச் செம்மறியின் இறைச்சியைக் குறிப்பது. நாமோ வெள்ளாட்டுக்கும் அதையே வைத்துக்கொண்டோம். மலாயில் 'கம்பிங்', 'பிரி-பிரி' என்று இரண்டு சொற்கள் இருந்தும், கடைப்பலகையில் பெரும்பாலும் முதற்சொல்லே நிற்கிறது. சொல் மங்கினால் பொருளும் மங்கும். அந்த மங்கலில்தான் சிலருடைய வணிகம் நடக்கிறது.

நம் நாட்டில் உண்ணப்படும் ஆட்டிறைச்சியில் உள்நாட்டில் விளைவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். எஞ்சியதில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. அதை நான் பழிக்கவில்லை. மாதக் கடைசியில் என் வீட்டு அடுப்பில் வேகுவதும் அதுதான். அதை 'உள்ளூர் ஆடு' என்று சொல்லி விற்பதைத்தான் பழிக்கிறேன்.

கடந்த தீபாவளிக்கு ஒரு கடையில் 'உள்ளூர் வெள்ளாடு' என்று கேட்டு, ஏறத்தாழ இரு மடங்கு விலை கொடுத்து வாங்கினேன். வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தால் எலும்பின் நடுவே பனி இன்னும் உருகவில்லை; மேற்புறத்தில் தடித்த வெண்கொழுப்பு! வெள்ளாட்டுக்குக் கொழுப்பு பெரும்பாலும் சிறுநீரகத்தையும் குடலையும் சுற்றி உள்ளேதான் சேரும். செம்மறிக்கே தோலடியில் தடித்துப் படியும். கடையிலேயே கண்டிருக்க வேண்டும். வரிசையில் நின்ற அவசரத்தில் பார்க்கவில்லை, என் பிழையும்தான். என் சிறு வயதில் கறி வாங்கிய பாய், தொங்கும் ஆட்டின் வாலை நீக்க மாட்டார். வெள்ளாட்டு வால் குட்டை, மேல்நோக்கி நிற்கும். செம்மறியின் வால் கீழே தொங்கும். வாங்குபவருக்கு அதைவிடச் சான்று எதற்கு?

சட்டம் இல்லாமலா இருக்கிறது? பொருளின் தன்மையையும் தோற்ற இடத்தையும் பொய்யாகக் கூறி விற்பது 2011-ஆம் ஆண்டு வாணிக விவரணைச் சட்டத்தின்படி குற்றம். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம். நம்மில் எத்தனை பேர் செய்தோம்? முத்திரை இருக்கிறதே என்பார்கள். 2020 டிசம்பரில் ஜொகூரின் செனாய் கிடங்கில் என்ன அகப்பட்டது என்பதை மறந்துவிட்டோமா? இறக்குமதி இறைச்சிக்குப் போலி ஹலால் முத்திரை குத்தியதாக நாடே கொந்தளித்ததே! ஆட்டையும் அதை வளர்த்தவரையும் அறிந்த கறிக்கடைக்காரர் ஒருவர் நமக்கு இருந்தால், முத்திரையை மட்டும் நம்பி நிற்க வேண்டியதில்லை.

அப்படிப்பட்டவரை யார் விரட்டியது? பேரங்காடியா? இல்லை, நாம்தான். கிள்ளான் சந்தையில் பாயிடம் இரண்டு வெள்ளிக்காக அரைமணி நேரம் பேரம் பேசுவோம். பேரங்காடியில் தட்டில் ஒட்டிய விலையை வாய் திறவாமல் கொடுப்போம். பிரிக்பீல்ட்சில் வாழை இலையில் வைத்த கறிக்கு அதைவிடவும் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, அது எந்த ஊர் ஆடு என்று கேட்கக்கூட மாட்டோம்!

உள்ளூர் ஆடு விலை அதிகம் என்பது உண்மை. நிலம் அருகிவிட்டது, தீவன விலை ஏறிவிட்டது. சிறு பண்ணைக்காரர் பரந்த மேய்ச்சல் நிலத்தோடு போட்டியிட முடியாது. ஆனால் தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் பெற்றோர் செல்வர்களா? லயத்தில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கி, கூறு போட்டுப் பகிர்ந்தார்கள். ஒவ்வொரு கூற்றிலும் சிறிது ஈரல், சிறிது எலும்பு, சிறிது கொழுப்பு. தோட்டங்கள் வீடமைப்பு மனைகளான பிறகு, அடுக்குமாடி ஐந்தாம் மாடியில் ஆட்டை எங்கே கட்டுவது? ஆடு போனது, அதோடு கூறு போடும் வழக்கமும் போனது. ஆடு போனதற்கு நாம் பொறுப்பல்ல. வழக்கத்தைக் கைவிட்டது நாமே.

கணக்கு எளிது. முப்பது கிலோ உயிர் எடையுள்ள ஆட்டில் தோல், தலை, குடல் நீங்கலாக ஏறத்தாழ பதினான்கு கிலோ தேறும். பத்து வீட்டுக்குப் பகிர்ந்தால் வீட்டுக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வாரந்தோறும் முடியாது, மாதம் ஒருமுறை முடியும். அறுப்பதை மட்டும் உரிமம் பெற்றவரிடம் விட்டுவிட வேண்டும். நான்காம் ஆண்டுக் கணிதப் பாடத்துக்கும் இது நல்ல பயிற்சி! (சைவ உணவுக்காரர்கள் பொறுத்தருள்க. உங்கள் நெறியோடு எனக்கு வழக்கில்லை.)

வரும் ஞாயிறு பந்திங் பக்கம் ஒரு சிறு பண்ணைக்கு ஆறு குடும்பங்கள் பிள்ளைகளோடு செல்கிறோம். ஆடு என்ன தின்கிறது, யார் அறுக்கிறார், எந்நாளில் கடைக்கு வருகிறது என்று பிள்ளைகளே கேட்டு எழுதி வருவார்கள். இன்னும் நான்கு கூறுக்கு இடம் இருந்தது. தொலைபேசியில் அழைத்த அந்தத் தந்தையும் நேற்று ஒன்று கேட்டுவிட்டார். சுவரொட்டி மட்டும் வேண்டாமாம்.