ஆப்பில் வீட்டு விலை பேசுறீங்களா? டோக்கன் அனுப்பும் முன் ஒரு நிமிஷம்!

மேடவாக்கத்தில் 2 பெட்ரூம் ஃபிளாட். ஆப்பில் 72 லட்சம் என்று போட்டிருக்கிறார்கள். கீழே, ‘உங்கள் விலையைச் சொல்லுங்கள்’ என்று ஒரு பட்டன். நீங்கள் 66 லட்சம் என்று டைப் செய்கிறீர்கள். கொஞ்ச நேரத்தில் புரோக்கரிடமிருந்து வாட்ஸ்அப் வருகிறது: “ஓனர் 69-க்கு ஓகே சொல்றார் சார். இன்னும் ரெண்டு பார்ட்டி பார்த்துட்டுப் போயிருக்காங்க. ஒரு லட்சம் டோக்கன் போட்டுட்டீங்கன்னா லாக் பண்ணிடலாம்.”

பலரும் இந்த இடத்தில்தான் யு.பி.ஐ.யைத் திறக்கிறார்கள். விலைதான் முடிந்துவிட்டதே!

முடிந்தது விலை மட்டும்தான். லோன் கிடைக்கவில்லை என்றால் அந்த ஒரு லட்சம் திரும்ப வருமா? வில்லங்கச் சான்றில் பழைய அடமானம் ஒன்று தென்பட்டால்? கார் பார்க்கிங் 69-க்குள் வருகிறதா? எத்தனை நாளில் பதிவு? எதுவுமே பேசப்படவில்லை.

ஆன்லைனில் பேரம் பேசுவதே ஆபத்து என்று நான் சொல்ல வரவில்லை. சொல்லப்போனால், டீக்கடையில் உட்கார்ந்து வாய்ப்பேச்சாக முடிப்பதைவிட இது மேல். யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்பதற்குப் பதிவு இருக்கும். சிக்கல் எங்கே என்றால், ஒரு முழு ஒப்பந்தத்துக்கான பேச்சை இந்த ஆப்கள் ஒரே ஒரு எண்ணாகச் சுருக்கிவிடுகின்றன. நாமும் அந்த எண்ணுக்காகவே மல்லுக்கட்டிவிட்டு, மற்றதெல்லாம் ‘அப்புறம் பேசிக்கலாம்’ என்று விட்டுவிடுகிறோம்.

கனடாவில் எப்படி?

டொரன்டோ பக்கம் உங்கள் சொந்தக்காரர்கள் யாராவது வீடு வாங்கியிருந்தால் கேட்டுப் பாருங்கள். ஒன்டாரியோ மாகாணத்தில் ‘ஆஃபர்’ என்பது ஒரு எண் அல்ல. சில பக்கப் படிவம். விலை, டெபாசிட், வீடு கைமாறும் தேதி, ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் சேர்த்தா இல்லையா என எல்லாம் அதில் இருக்கும். ‘லோன் கிடைத்தால்தான் வாங்குவேன்’, ‘வீட்டை இன்ஸ்பெக்‌ஷன் செய்த பிறகுதான்’ போன்ற நிபந்தனைகளையும் அதிலேயே எழுதலாம். இந்த ஆஃபர் எத்தனை மணி வரை செல்லும் என்ற கெடுவும் உண்டு. நிலம், வீடு விற்பனை ஒப்பந்தங்களில் மின்கையெழுத்து அங்கே 2015 முதல் செல்லுபடியாகிறது. அதனால் போனிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

பணம் அதற்குப் பிறகுதான். ஆஃபர் ஏற்கப்பட்ட 24 மணி நேரத்துக்குள் டெபாசிட் கட்டுவது அங்கே வழக்கமான நடைமுறை. அதுவும் பொதுவாக ஓனர் கைக்குப் போவதில்லை. புரோக்கர் நிறுவனத்தின் டிரஸ்ட் கணக்கில் இருக்கும்.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். மற்றவர்கள் எவ்வளவு சொன்னார்கள் என்றே தெரியாமல் ஏலம் கேட்கும் கூத்து அங்கே பிரபலம். விற்பவர் விரும்பினால் மற்ற ஆஃபர்களின் விவரங்களைக் காட்டலாம் என்ற விதியே 2023 டிசம்பரில்தான் வந்தது. போட்டி அதிகமானால் நிபந்தனைகளைக் கைவிட்டு வாங்குபவர்களும் உண்டு. ஆனாலும் முதலில் எழுத்து, பிறகு பணம் என்ற வரிசை மாறுவதில்லை. நம் ஊரில் அது தலைகீழ்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் வாட்ஸ்அப் பேரத்துக்கும் பொருந்தும். நீங்கள் 66 சொல்லி, ஓனர் 69 என்றதும் உங்கள் 66 செத்துவிட்டது. இப்போது மேஜையில் இருப்பது அவருடைய ஆஃபர். “69 ஓகே, ஆனா பார்க்கிங் சேர்த்து” என்று நீங்கள் பதில் போட்டால் அது சம்மதம் அல்ல. இன்னொரு புது ஆஃபர். சம்மதம் என்பது எந்த ‘ஆனால்’-உம் இல்லாததாக இருக்க வேண்டும். அதனால் வெறும் ‘ஓகே’வையும் கட்டைவிரல் எமோஜியையும் யோசித்துப் போடுங்கள்.

மின்னணு முறையில் போடும் ஒப்பந்தங்களை ஏற்கும் ஐ.டி. சட்டம் 2000-லேயே வந்துவிட்டது. ஆனால் அசையாச் சொத்து விற்பனை ஒப்பந்தங்களை அது விலக்கி வைத்திருந்தது. அந்த விலக்கு 2022-ல்தான் நீக்கப்பட்டது. அதற்காக ஆப் சாட்டே கிரய ஒப்பந்தம் ஆகிவிடாது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யாத ஒப்பந்தத்தையும், அதை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாகக் காட்டலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் அது கோர்ட் படி ஏறியவர்களுக்கான ஆறுதல். நமக்கு அந்தப் படியே வேண்டாம்.

சரி, டோக்கன் திரும்ப வருமா? ‘எர்னஸ்ட் மணி’ எனப்படும் உறுதித்தொகையை, ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்து, வாங்குபவரின் தவறால் வியாபாரம் முறிந்தால், விற்பவர் வைத்துக்கொள்ளலாம். விலையின் ஒரு பகுதியாக மட்டும் தந்த முன்பணத்துக்கு இது பொருந்தாது என்பது 2012-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. நீங்கள் அனுப்பிய ‘டோக்கன்’ இதில் எந்த வகை? எழுதி வைக்காவிட்டால் ஓனர் ஒன்று சொல்வார், நீங்கள் ஒன்று சொல்வீர்கள். புரோக்கர் போனை எடுக்க மாட்டார்.

பில்டரிடம் நேரடியாக வாங்குபவர்களுக்கு ரெரா சட்டத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது: விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல், விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர் வாங்கக் கூடாது. தனிநபரிடம் பழைய ஃபிளாட் வாங்கும்போது இந்தக் கவசம் இல்லை.

இன்னொன்று. ஆப்பில் ‘உங்கள் அதிகபட்ச பட்ஜெட்’ என்று கேட்கும். உள்ளதை உள்ளபடி போட்டுவிடாதீர்கள். அந்த எண் புரோக்கருக்குப் போனால், உங்கள் சீட்டைக் காட்டிவிட்டு ரம்மி ஆடிய கதைதான். பேரமே அங்கிருந்துதான் தொடங்கும்.

பட்டனில் விலையைப் போட்டாலும், கூடவே ஒரு மெசேஜ் எழுதி அனுப்புங்கள். இப்படி இருந்தால் போதும்: “67 லட்சம், பார்க்கிங் உட்பட. 30 வருட வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா ஆகியவற்றை என் வக்கீல் பார்த்து சரி சொல்ல வேண்டும். வங்கி லோன் மறுத்தாலோ, பத்திரத்தில் குறை இருந்தாலோ டோக்கனை 7 நாளில் திருப்பித் தர வேண்டும். இந்த ஆஃபர் ஞாயிறு மாலை 6 மணி வரை.” கெடு சொல்லியிருந்தால், அது முடிந்ததும் ஆஃபர் தானாகக் காலாவதியாகிவிடும். இரண்டு வாரம் கழித்து “சார், ஓனர் ஒத்துக்கிட்டார்” என்று யாரும் உங்களைப் பிடிக்க முடியாது. இதற்குப் பதில் வர வேண்டியது ஓனரிடமிருந்து, அவர் பெயரோடு. புரோக்கரின் ‘ஓகே சார்’ போதாது.

“இதெல்லாம் கேட்டா ஓனர் வேற பார்ட்டிக்குப் போயிடுவார்” என்று பயமுறுத்துவார்கள். போகலாம்தான். ஆனால் லோன் கிடைக்காவிட்டால் டோக்கனைத் திருப்பித் தருவேன் என்று ஒரு வரி எழுதித் தரக்கூட மனம் வராத ஓனரிடம், 69 லட்சத்தை நம்பிக் கொடுக்கப் போகிறீர்களா?

பதில் வருவதற்குள் தமிழகப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தை நீங்களே பாருங்கள்; கட்டணம் கிடையாது. டோக்கனைப் பணமாகக் கொடுக்காதீர்கள், ஓனரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக முன்பணம் வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை உண்டு. ஆப் சாட் எப்போது வேண்டுமானாலும் காணாமல் போகலாம். பேசி முடித்த அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எல்லா விவரத்தையும் ஒரு இமெயிலாக ஓனருக்கு அனுப்பி, ‘சம்மதம்’ என்று அவரிடமிருந்து பதில் வாங்கிவிடுங்கள்.