யாருடைய நடத்தை மாற வேண்டும்?

தொண்டு நிறுவனங்களில் புதிதாகக் களத்துக்கு வருகிறவர்களுக்கு இப்போது 'சமூக, நடத்தை மாற்றம்' என்று ஒரு பயிற்சி தவறாமல் நடக்கிறது. இரண்டு நாள் வகுப்பு, சார்ட் பேப்பர், குழு விவாதம், மதியம் பிரியாணி. சொல்லித்தரும் அடிப்படைகளில் பெரிய தவறில்லை. தகவல் சொன்னதாலேயே மனிதர் மாறிவிடமாட்டார். திறன், வாய்ப்பு, விருப்பம் மூன்றும் வேண்டும். தனிமனிதரைச் சுற்றிக் குடும்பம், ஊர், நிறுவனம், சட்டம் என்று வட்டம் வட்டமாகப் படம் போடுவார்கள்.

அந்தப் படத்தோடு எங்களுக்குச் சண்டை இல்லை. வகுப்பு முடிந்து ஜீப் எங்கே போய் நிற்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. அது நேராகக் காலனிக்குத்தான் வருகிறது. கை கழுவு, கழிப்பறைக்குப் போ, குடிக்காதே, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு. மாற வேண்டியவர்கள் நாங்கள் மட்டும்தான். ஊர்த்தெரு ஏற்கெனவே மாறிவிட்டது போலும்!

கழிப்பறையையே எடுத்துக்கொள்வோம். 2014 அக்டோபர் 2 அன்று தூய்மை இந்தியா தொடங்கியது. தனிநபர் கழிப்பறைக்கு 12,000 ரூபாய். இரட்டைக்குழி முறையில் ஒரு குழி நிறைந்ததும் மற்றதுக்கு மாற்றிவிட வேண்டும். ஓராண்டுக்கு மேல் மூடிக்கிடந்த முதல் குழியில் இருப்பது நாற்றமில்லாத உரம். வீட்டுக்காரரே அள்ளலாம். ஆனால் டயன் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் வட இந்தியக் கிராமங்களில் ஆய்வு செய்து சொன்னது என்ன? சிறிய குழி சீக்கிரம் நிறைந்துவிடும், அதை யார் அள்ளுவது என்ற அச்சத்திலேயே பலர் கழிப்பறையைத் தவிர்க்கிறார்கள். அள்ளுவது 'அவர்கள்' வேலை. 'அவர்களோ' அந்த வேலையை மறுக்கத் தொடங்கிவிட்டார்கள். இதன் பெயர் தீண்டாமை. திட்ட அறிக்கையில் இதற்குப் பெயர் 'விழிப்புணர்வுக் குறைவு'.

சமூக நெறி என்பது, மீறினால் என்ன ஆகும் என்ற அச்சத்தையும் சேர்த்துத்தான் நிற்கிறது. கிறிஸ்டினா பிக்கியேரி எழுதியதைப் பாடமாக நடத்துகிறவர்கள் மகாடை நடத்துவதில்லை. பம்பாய் சட்டசபைத் தீர்மானம் 1923-லேயே வந்துவிட்டது. சவுதார் குளம் எல்லோருக்கும் பொது என்று நகராட்சியும் தீர்மானம் போட்டது. தகவல் இருந்தது, கொள்கை இருந்தது; தண்ணீர் மட்டும் இல்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் போய்க் குடித்தார்கள். அடி விழுந்தது. பிறகு சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்த 108 பானைகளால் குளத்துக்குத் 'தீட்டு' கழித்தார்கள். அதே மாநாட்டில்தான் செத்த மாட்டிறைச்சியை விட்டுவிடச் சொன்னார் அம்பேத்கர். எங்கள் மக்களின் பழக்கத்தைப் பற்றிப் பேச அவர் தயங்கவில்லை. ஆனால் உரிமையைக் கேட்ட அதே வாயால், அதே மேடையில் பேசினார். உரிமையைக் கழித்துவிட்டுப் பழக்கத்தை மட்டும் பேசுகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

நிவாரணப் பணியிலும் இதே கதைதான். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பகுதியில் தலித் மக்கள் முகாம்களிலும் தண்ணீரிலும் ஒதுக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. அந்த முகாமில் சோப்பு கொடுத்துக் கைகழுவச் சொல்வதற்கு முன், குழாயடியில் யார் யாரை விரட்டுகிறார்கள் என்று பார்த்திருக்க வேண்டாமா?

வேங்கைவயல் குடிநீர்த் தொட்டி விவகாரத்துக்காக 2022 டிசம்பரில் மாவட்ட ஆட்சியர் கவிதா ராமு நேரில் போனபோது இரட்டைக்குவளையும் கோயில் தடையும் வெளியே வந்தன. அன்றே மக்களைக் கோயிலுக்குள் அழைத்துப் போனார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அந்த வட்டப் படத்தின் கடைசி வட்டமான சட்டம் வேலை செய்தால் இப்படித்தான் இருக்கும். ஆனால் பயிற்சிக் கையேட்டில் 1989 சட்டத்துக்கோ, 2013-ன் கையால் மலம் அள்ளும் தடைச் சட்டத்துக்கோ ஒரு பக்கம்கூட ஒதுக்க மாட்டார்கள். "அது அரசியல், சார்" என்பார்கள்.

பயிற்சிக்கு எங்களையும் கூப்பிடுங்கள், வருகிறோம். களப்பயணத்தின் முதல் கூட்டத்தை ஊர்த்தெரு டீக்கடையில் வையுங்கள். காலனிக்கு மறுநாள் வரலாம்.