இடைவெளி குறைந்தால் மறைந்துவிடுமா?

ஏழை நாடுகள் பணக்கார நாடுகளைவிட வேகமாக வளர்கின்றன, ஆகவே வருமான இடைவெளி பூஜ்ஜியத்தை நோக்கி ஒருங்குவது கணித நியதி, எனவே உதவியும் கடன் நிவாரணமும் இனித் தேவையில்லை என்கிறார் ஒரு கட்டுரையாளர். கணிதம் அப்படிச் சொல்லவே இல்லை.

1+1/n என்ற தொடர்முறையைப் பாருங்கள். ஒவ்வோர் உறுப்பும் முந்தையதைவிடச் சிறியது. ஆனால் அதன் எல்லை 1, பூஜ்ஜியமல்ல. குறைவது ஒன்று, மறைவது வேறொன்று. வளர்ச்சி விகிதத்தை மட்டும் பார்ப்பதும் ஏமாற்றும்: 1,000 டாலர் வருமானம் 6 சதவீதம் வளர்ந்தால் 60 டாலர் கூடும், 50,000 டாலர் 2 சதவீதம் வளர்ந்தால் 1,000 டாலர் கூடும். அந்த ஆண்டில் இடைவெளி விரிகிறது.

கட்டுரையாளர் துணைக்கு அழைக்கும் பொருளியலாளர் வில்லியம் பாமோலின் 1986 ஆய்வு, 1870 முதலான தரவு கிடைத்த 16 தொழில்வள நாடுகளை எடுத்துக்கொண்டு, அவை ஒருங்கிவந்ததாகக் கண்டது. பின்னாளில் செல்வம் சேர்த்தவையே பெரும்பாலும் அப்பட்டியலில் இருந்தன. ஜெயித்தவர்களை மட்டும் வரிசையில் நிறுத்தினால் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்ததாகத்தானே தெரியும்? பொருளியலாளர் பிராட்ஃபோர்ட் டிலாங் 1988-இல் இதைத்தான் சுட்டிக்காட்டினார். 1870-இல் நல்ல நிலையில் இருந்த அர்ஜென்டினா, சிலி போன்ற நாடுகளையும் சேர்த்தபோது அந்த ஒருங்கல் பெரிதும் கரைந்துபோனது. 1997-இல் இன்னொரு பொருளியலாளர் லான்ட் பிரிட்செட், 1870 முதல் 1990 வரை மிகப் பணக்கார, மிக ஏழை நாடுகளின் வருமான விகிதம் ஏறத்தாழ ஐந்து மடங்கானது என்று கணக்கிட்டார்.

1990-களுக்குப் பிறகு பல ஏழை நாடுகள் வேகமெடுத்தது உண்மை, மகிழ்ச்சிக்குரியதும்கூட. ஆனால் எந்த முடிவிலாத் தொடர்முறையின் முதல் சில உறுப்புகளும் அதன் எல்லையைத் தீர்மானிப்பதில்லை. முப்பது ஆண்டுத் தரவை நியதியென்று அழைத்து, உதவியும் கடன் நிவாரணமும் இனித் தேவையில்லை என்று எழுதுவது தவறு. கட்டுரையாளர் அந்த முடிவைத் திரும்பப் பெற வேண்டும்.