சட்டம் அறிவோம்: புரியாத மொழியில் குற்றச்சாட்டு

நம்மவர் ஒருவர் கைதானால் வீட்டார் ஜாமீனுக்கு அலைகின்றனர். குற்றம் என்ன, எந்தப் பிரிவு என்று கேட்போர் சிலரே. தேஹு ரோட்டில் பிறந்தோருக்கு மராத்தி சரளம். ஊரிலிருந்து புதிதாய் வந்தவருக்கோ அந்தக் காகிதம் வெறும் கோடுகளே.

மகாராஷ்டிரத்தில் தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட ஹரிகிசன் என்பவருக்குக் காரணங்கள் ஆங்கிலத்தில் தரப்பட்டன. அவர் இந்தியில் கேட்டார், மறுத்தனர். புரியாத மொழியில் தெரிவித்தது தெரிவித்ததாகாது என்று 1962இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. எக்குற்றமாயினும் கைதுக்கான காரணத்தைக் கைதானவர் அறிந்த மொழியில் எழுதித் தரவேண்டும் என 2025 நவம்பரில் அதே நீதிமன்றம் விதித்தது. ஆகவே தமிழில் கேளுங்கள், அது சலுகையன்று.

நீதிமன்றத்தில் குற்றச்சாட்டைப் படித்து, "ஒப்புக்கொள்கிறாயா?" என்பர். விஷயம் முடிந்தால் போதும் என்று தலையசைத்தவர் பலர். அந்தத் தலையசைப்பின் பேரிலேயே தண்டனை விதிக்கலாம்! மொழிபெயர்த்துச் சொல்லுமாறு கேட்டபின் வாய் திறவுங்கள். சம்பவ நேரத்தில் வேறிடத்தில் இருந்தேன் என்பதும் எதிர்வாதமே. அதற்கு வேலைத்தலத்து வருகைப் பதிவேடு நல்ல சாட்சி.

வக்கீலுக்குப் பணமில்லையா? காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவாயினும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. மாஜிஸ்திரேட்டிடமே கேட்கலாம்.