அம்மம்மாவும் யோகட்டும்

சென்ற வாரம் உறவினர் இல்லமொன்றிற்கு நாம் சென்றிருந்தோம். பல்லாண்டுகளாக நீரிழிவுடன் வாழும் அவ்வீட்டு அம்மம்மா தேநீரைச் சீனியின்றியே அருந்துவார். தைப்பொங்கலன்றும் சர்க்கரைப் பொங்கலை ஒரு கரண்டிக்கு மேல் தொடார். அத்தகையவர் மதிய உணவு முடிந்ததும் ஸ்ட்ரோபரி யோகட் ஒன்றைத் திறந்து அடிவரை வழித்து உண்டார். "இது பால்தானே, தம்பி. கொழுப்பும் குறைவென்று எழுதியிருக்கின்றது" என்றார். தாயாரின் இரத்தத்தில் சீனி ஏன் இறங்கவில்லை என்று மகளோ மாதக்கணக்காகக் கவலையுற்றிருந்தார்.

கொழுப்புக் குறைவென்றால் சீனி குறைவென்று பொருளன்று. கொழுப்பை நீக்கினால் சுவை குன்றும். அதனை ஈடுசெய்யச் சீனி சேர்ப்பதுண்டு. யோகட்டின் புளிப்பு அந்தச் சீனியை நாவினின்றும் மறைத்துவிடுகின்றது.

பாலுக்கே இயல்பான இனிப்பு உண்டு. சீனி சேராத யோகட்டில் அது 100 கிராமுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 கிராம் வரை இருக்கும். அம்மம்மாவின் கிண்ணத்தை எடுத்துப் பார்த்தோம். 100 கிராமில் சீனி 14 கிராம். கிண்ணத்தின் எடை 80 கிராம். ஆகவே கிண்ணத்திலுள்ள சீனி 11 கிராம். பாலின் பங்காக 4 கிராமைக் கழித்தால், சேர்க்கப்பட்டது 7 கிராம். நாளொன்றுக்கு இரண்டு கிண்ணமெனில் ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி! தேநீரில் துறந்த சீனி யோகட்டில் திரும்பிவிட்டது. மாணவர்கள் இக்கணக்கைத் தத்தம் வீட்டுக் கிண்ணத்திற்கும் செய்து பார்க்கலாம்.

இதற்காக யோகட்டையே விலக்க வேண்டுவதில்லை. சீனி சேராத யோகட்டையோ எருமைத் தயிரையோ சிறு கிண்ணமளவு எடுத்து, நான்கைந்து பப்பாசித் துண்டுகளும் சிறிது கறுவாத்தூளும் இட்டு உணவுடன் உண்ணலாம். கித்துள் பாணி இயற்கையானதாயிற்றே என்பாருமுளர். பனையினின்று வந்தாலும் கித்துளினின்று வந்தாலும் பாணி இரத்தத்திற்குச் சீனியே. ஐயமிருப்பின், சோற்றின் அளவை மாற்றாது, ஒருநாள் அதனையும் மறுநாள் இதனையும் உண்டு, உணவுக்கு முன்னும் இரண்டு மணித்தியாலத்தின் பின்னும் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.

இன்னுமொன்று. இன்சுலின் ஏற்றுவோரும் சிலவகை மாத்திரை உட்கொள்வோரும் வைத்தியரைக் கேளாது உணவைத் திடீரெனக் குறைத்தால், சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கிவிடக்கூடும். நடுக்கமும் வியர்வையும் கண்டால் யோகட்டைத் தேட வேண்டா. அது மெல்லவே இரத்தத்திற் சேரும். மூன்று நான்கு தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்து உடனே பருகக் கொடுங்கள்.

அம்மம்மா இப்பொழுது தயிருக்கு மாறிவிட்டார். கறுவா போதவில்லையென்று மகளிடம் குறை கூறுகின்றாராம்.