தீர்ந்த கடனும் தீராத தண்டனையும்

1953 செப்டம்பர் 15 அன்று கொச்சி மட்டாஞ்சேரியில் துறைமுகத் தொழிலாளர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைது, சைதலவி, ஆன்றணி ஆகியோர் அந்த அடக்குமுறையில் உயிர்நீத்தனர். அவர்கள் எதிர்த்துப் போராடியது ‘சாப்பா’ முறையை. தொழிலாளர் கூட்டத்துக்கு நடுவே உலோக வில்லைகள் வீசப்படும். முண்டியடித்துக் கைப்பற்றியவருக்கு அன்றைய வேலை, மற்றவருக்குப் பட்டினி. உழைப்பவரின் வாழ்வை முதலாளியின் வில்லை தீர்மானிக்கக் கூடாது என்பதே அப்போராட்டத்தின் சாரம்.

இன்று அதே மட்டாஞ்சேரியில் வாடகை வீட்டில் வாழும் தொழிலாளி வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குச் சென்றால், 300 முதல் 900 வரையிலான சிபில் ஸ்கோர் என்ற புதிய வில்லை அவரிடம் கேட்கப்படுகிறது. “கிரெடிட் கார்டு கடனை அடைத்துவிட்டேன்” என்பது அங்கே போதுமான பதில் அல்ல.

ஏன்? நோயோ வேலையிழப்போ வந்து தவணை தவறினால், கார்டு நிலுவைக்கு மாதம் 3 சதவீதத்துக்கும் மேல் வட்டி ஏறுகிறது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வசூலிப்பது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை 2024 டிசம்பர் 20 அன்று உச்சநீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. நிலுவை மலையாகக் குவிந்தபின், “இவ்வளவு கட்டினால் கணக்கை முடித்துக்கொள்ளலாம்” என்று வசூல் முகவரே பேரம் பேசுகிறார். தொழிலாளி நகையை விற்றுக் கட்டுகிறார். ஆனால் கடன் அறிக்கையில் ‘க்ளோஸ்டு’ என்று பதிவாவதில்லை. ‘செட்டில்டு’ என்று பதிவாகிறது. முழுத் தொகை வரவில்லை என்பது அதன் பொருள். முழுத் தொகையையும் கட்டியவருக்குக்கூடப் பழைய தாமதங்கள் அறிக்கையில் தொடர்கின்றன. கடன் தகவல்களைக் குறைந்தது 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது விதி. விளைவு: வீட்டுக் கடன் மறுப்பு, அல்லது கூடுதல் வட்டி.

“வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்ட வேண்டாமா?” என்று நடுத்தர வர்க்க நீதிமான்கள் கேட்கலாம். கட்ட வேண்டும். அந்த ஒழுக்கம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறதா என்பதே நமது கேள்வி. 2014-15 முதல் 2023-24 வரையான பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் 16.35 லட்சம் கோடி ரூபாய் கடனை ‘ரைட் ஆஃப்’ செய்தன என்று நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசே தெரிவித்தது. இதில் பாதிக்கு மேல் பெருந்தொழில், சேவை நிறுவனங்களின் கடன். “இது தள்ளுபடி அல்ல, கணக்கு நடைமுறைதான்” என்று அரசு விளக்கம் சொல்கிறது. அதே ‘ரைட் ஆஃப்’ என்ற சொல் ஒரு தொழிலாளியின் அறிக்கையில் வந்தால் மட்டும் அது கணக்கு நடைமுறையாக இருப்பதில்லை, குற்ற முத்திரையாகிவிடுகிறது!

2023 ஜூன் 8 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வேண்டுமென்றே கடனைக் கட்டாதவர்களுடன்கூட வங்கிகள் சமரசத் தீர்வு செய்துகொள்ள அனுமதித்தது. சமரசம் செய்துகொண்டவருக்குப் புதிய கடன் தரக் குறைந்தபட்ச இடைவெளி 12 மாதம் என்றது. எதிர்ப்பு எழுந்தபின், அத்தகையோர் மீதான தண்டனை விதிகள் தொடரும் என்று விளக்கமளித்தது. இருக்கட்டும். பெருங்கடனாளிக்குச் சமரசம் ‘மீட்பு நடவடிக்கை’ என்றால், கார்டு கடனாளிக்கு மட்டும் அது எப்படிக் களங்கமாகும்?

இந்தக் களங்கத்தை எழுதுவது யார்? 2000இல் இந்திய வங்கிகளின் முன்முயற்சியில் உருவான சிபில், இன்று சிகாகோவைத் தலைமையிடமாகக் கொண்ட டிரான்ஸ்யூனியனின் கட்டுப்பாட்டில் உள்ளது. பொதுத்துறை வங்கிகளில் நமது சேமிப்பு. அதிலிருந்து நமக்குக் கடன் தரலாமா என்று மதிப்பெண் போடுவது பன்னாட்டு மூலதனம். தாராளமயம் வேறென்ன?

மாற்று இல்லாமலில்லை. குறைந்த சிபில் ஸ்கோரை மட்டும் காரணம் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று 2023 மே மாதம் கேரள உயர்நீதிமன்றம் கூறியது. வீட்டுக் கடனுக்கும் இந்நெறியைச் சட்டமாக்க வேண்டும். தீர்க்கப்பட்ட சிறுகடன் பதிவு ஓராண்டில் நீங்க வேண்டும். கார்டு வட்டிக்கு உச்சவரம்பு வேண்டும். கடன் தகவல் பொதுத்துறையின் கையில் இருக்க வேண்டும்.

தோழர்கள் உடனடியாகச் செய்யக்கூடியதும் உண்டு. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். புகார் அளித்து 30 நாட்களுக்குள் பிழை திருத்தப்படாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ‘செட்டில்டு’ என்றிருந்தால், மீதித் தொகையைக் கட்டி, நிலுவையில்லாச் சான்று பெற்று, ‘க்ளோஸ்டு’ என மாற்றக் கோரலாம். கிளைகளும் தொழிற்சங்கங்களும் இதற்கு உதவ வேண்டும். ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியே தன் மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்வதால் இம்முறை மாறாது. சாப்பாவை எதிர்த்த தொழிலாளர்கள் வில்லையைத் தனக்கென்று கேட்கவில்லை. வீசும் முறையே ஒழிய வேண்டும் என்றார்கள்.